நாலு வீடும் ஒரு அரிசி மூட்டையும்

எங்கள் வீட்டில் குடை எப்போதும் வேறு வீட்டில்தான் இருக்கும். இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதனால் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். எங்களுக்கு நான்கு வீடுகள். நாலு வீடு என்றதும் பெரிய பணக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பதினாலடி. ஒரு கட்டில், ஒரு அலமாரி, பின்னால் ஒரு குளியலறை, முன்னால் இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு வராந்தா. மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற வழியில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, ஒரு பெரிய பாறையைச் சுற்றி நான்கும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். அடுத்தவனுக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, தானே நாலு காட்டேஜ் கட்டி சீசனுக்கு விட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. கட்டினார். ஆனால் சாரலுக்கு வருகிற ஜனங்களுக்கு அருவிச் சத்தம் காதில் விழ வேண்டும். எங்கள் இடத்தில் காதில் விழுவது பக்கத்துத் தோப்பின் மோட்டார் சத்தம். வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பிறகு கொரோனா வந்தது, அதோடு சரி. அந்தச் சமயத்தில்தான் தென்காசியில் நாங்கள் எல்லாரும் ஒன்றாக இருந்த வீடு பாகம் பிரிந்து கொழுந்தனார் கைக்குப் போனது. காலியாகக் கிடக்கிற நாலு ரூமை வைத்துக்கொண்டு வாடகைக்கு எதற்கு வீடு தேட வேண்டும் என்று சொன்னவள் நான்தான். அதனால் இனி வரப்போகிற கதையில் வேறு யாரையும் நான் குற்றம் சொல்ல முடியாது.

ஒன்றாம் நம்பரில் அவர். அவரோடு அவருடைய டிவியும் குறட்டையும். இரண்டாம் நம்பரில் கட்டிலைத் தூக்கிவிட்டு அடுப்பு வைத்தோம், அதுதான் சமையலும் சாப்பாடும். மூன்றில் நானும் என் மகள் குழலி என்கிற குழல்வாய்மொழியும். நான்காம் நம்பர் பாறைக்கு அந்தப் பக்கம், பலாமரத்துக்குக் கீழே. அது மகன் முத்துச்செல்வத்துக்கு. அவன் பட்டாளத்தில் இருக்கிறான், கல்யாணம் ஆகும் வரை வருஷத்தில் பத்து மாதம் அது பூட்டித்தான் கிடந்தது.

இப்படி வாழ்வதில் தொல்லைகள் இல்லாமல் இல்லை. மூக்குக்கண்ணாடி ஒரு வீட்டில், பேப்பர் ஒரு வீட்டில். வைஃபை நாலாம் நம்பர் வரைக்கும் எட்டாது. பெருக்க நாலு வாசல். மழைக்காலத்தில் எல்லாரும் சாப்பிடப் போகும்போது மழை பெய்யும், திரும்பும்போது விட்டிருக்கும். ஆகவே எங்கள் ஏழு குடைகளும் நடந்து நடந்து கடைசியில் இரண்டாம் நம்பரில் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த மழைக்கு மூன்றாம் நம்பரில் நிற்கிற நான் தாம்பாளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட வேண்டும்.

ஆனால் ஒன்று. இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் எனக்கும் அவருக்கும் சண்டை குறைந்தது இங்கே வந்த பிறகுதான். கோபம் வந்தால் போய் உட்கார ஆளுக்கொரு வீடு இருக்கிறது. திரும்ப வந்து இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிளம்பினால், பாறையைச் சுற்றி வருவதற்குள் பாதி மறந்துவிடும்.

அவருடைய லாட்ஜ் புத்தி மட்டும் போகவே இல்லை. மூடிய லாட்ஜ் ஒன்றிலிருந்து பழைய இன்டர்காம் போன்களை வாங்கி நாலு வீட்டுக்கும் மாட்டினார். ஒன்றை அழுத்தினால் ஒன்றாம் நம்பர், நாலை அழுத்தினால் நாலாம் நம்பர். "ரெண்டாம் நம்பரா? ஒண்ணாம் நம்பருக்கு ஒரு டீ" என்று எனக்கே போன் போடுவார். "ரூம் சர்வீஸ் இன்னைக்கு லீவு" என்று வைத்துவிடுவேன். வாசலுக்கு வாசல் ஒரு காலிங்பெல்லும் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் பெல் அடிக்காமல் போகக் கூடாது. இது அவர் போட்ட சட்டம் இல்லை, நான் போட்டது.

ஏன் போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணமானபோது தென்காசி வீட்டில் பதினோரு பேர். எங்களுக்கென்று ஒதுக்கிய இடம் சாமான் அறை. பாத்திரம், பரணில் ஏறாத பழைய கட்டில், மூலையில் அரிசி மூட்டை. கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. விடிந்ததும் என் மாமியார் அரிசி அளக்க உழக்கோடு உள்ளே வருவார். மத்தியானம் வருவார். ராத்திரி மாவுக்கு ஊறப்போட வருவார். அவர் மேல் குற்றம் இல்லை, அரிசி அங்கேதானே இருந்தது. ஆனால் கதவு அசையும்போதெல்லாம் நான் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பேன். வேறு அறை கிடைக்கும் வரை மூன்று வருஷம் இப்படி. உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தாலும், அழுதுகொண்டிருந்தாலும், உழக்குச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன். என் வீட்டுக்கு வருகிற பெண்ணின் அறையில் அரிசி மூட்டை இருக்காது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அறை என்ன, அவளுக்குத் தனி வீடே கொடுத்தேன்.

முத்துச்செல்வத்துக்குத் தை மாசம் கல்யாணம். பெண் வேல்விழி, கடையத்துப் பெண். அப்பா கோமதிசங்கர் போலீசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன்மார் இரண்டு பேரும் போலீஸ். அவள் கணக்கு டீச்சர், தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. கல்யாணத்துக்கு முன்னாடியே நாலாம் நம்பருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, உள்பக்கம் தாழ்ப்பாளை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு வைத்தேன். சாவியை அவள் கையில் கொடுத்து, "இது உன் வீடு தாயி. நீயா கூப்பிடாம இந்த வாசப்படிய யாரும் மிதிக்க மாட்டோம்" என்று சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி அத்த" என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாற்பது நாள் லீவு முடிந்து மகன் ராஜஸ்தானுக்குத் திரும்பிப் போனான். அங்கே குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவள் எங்களோடு. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று நாலு மாசம் நான் என் வார்த்தையிலிருந்து ஒரு இம்மி நகரவில்லை. சாப்பாடு தயாரானதும் இன்டர்காமில் நாலை அழுத்தி, "சாப்பாடு ரெடி தாயி" என்பேன். அவள் வருவாள், சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், டார்ச்சை எடுத்துக்கொண்டு பாறையைச் சுற்றிப் போவாள். நல்ல அமைதியான பெண் என்று பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னேன். ஆனியில் சாரல் தொடங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் கஞ்சி வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி, அவள் வாசலில் வைத்து, பெல்லை அடித்துவிட்டு, அவள் எழுந்து வந்து என்னைப் பார்த்துக் கூச்சப்படக் கூடாதே என்று வேகமாகத் திரும்பி வந்துவிட்டேன். மூன்று நாளும் அப்படித்தான். எந்த மாமியார் இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்வாள் என்று எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

ஆடி பிறந்ததும் கடையத்திலிருந்து வந்து சீர்வரிசையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்கள். புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீடு போவது வழக்கம்தான். அங்கிருந்தே பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். ஆவணி ஒன்றாம் தேதி வருவாள் என்று அவளுக்குப் பிடித்த பாசிப்பயறு உருண்டை பிடித்து வைத்தேன். வரவில்லை. ஐந்தாம் தேதி வரவில்லை. போன் போட்டால், "வாரேன் அத்த, கொஞ்சம் வேல கிடக்கு" என்றாள். எட்டாம் தேதி உருண்டையைக் குழலி தின்று தீர்த்துவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி மகன் கூப்பிட்டான். எடுத்ததும் நலம் விசாரிக்கிறவன் இல்லை அவன். அன்றைக்கு அப்பா எப்படி, குழலி எப்படி, பலாமரம் எப்படி என்றெல்லாம் கேட்டான்.

"விஷயத்தச் சொல்லுலே" என்றேன்.

"எம்மா, குவார்ட்டர்ஸ் கிடைக்க வரைக்கும் அவ கடையத்துலயே இருக்கட்டுமா?"

"எதுக்கு? இங்கன அவளுக்கு என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணும் சொல்லல. அங்கன இருக்கேன்னு சொல்லுதா, அவ்வளவுதான்."

நான் போனை வைத்தேன். கோபம்தான் முதலில் வந்தது. உள்ளே குளியலறை, இரண்டு தாழ்ப்பாள், வராந்தா, பலாமரத்து நிழல் எல்லாம் கொடுத்தேனே, இன்னும் என்ன வேண்டுமாம் மகாராணிக்கு என்று இரண்டாம் நம்பரில் பாத்திரத்தை உருட்டினேன். அவர் ஒன்றாம் நம்பரிலிருந்து போன் போட்டு, "என்ன சத்தம்?" என்று கேட்டார். பாத்திரம் ஓய்ந்த பிறகுதான் பயம் வந்தது. ஒரு வருஷம் அங்கேயே இருந்துவிட்டு அப்படியே ராஜஸ்தானுக்குப் போய்விட்டால், பிறகு அவள் இந்த வீட்டுக்கு வருவது லீவுக்கு வருகிற விருந்தாளியாகத்தான். எனக்கு மருமகள் என்று ஒருத்தி இருக்கவே போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பை நிறைய மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு தனியாகவே கடையத்துக்குப் பஸ் ஏறினேன். அவரும் வருகிறேன் என்றார். "சமாதானம் பேசவா போறேன்? பிள்ளையப் பாக்கப் போறேன்" என்று அவரை விட்டுவிட்டு வந்தேன்.

அந்த வீட்டுக்குள் நான் போனது கல்யாணச் சமயத்தில்தான். அப்போது கூட்டம் கல்யாணத்துக்கு வந்தது என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் தெரிந்தது, அந்தக் கூட்டம் அங்கேயே குடியிருக்கிறது. ஒரே பெரிய ஹால். பன்னிரண்டு பேர். உட்கார்ந்த உடனே யாரோ ஒரு பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். யார் பிள்ளை என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. பையை ஒருத்தி வாங்கினாள், பழத்தை ஒருத்தி உரித்தாள், மூக்குக்கண்ணாடியைப் பிள்ளை பிடுங்கிக்கொண்டது. குளியலறைக்குப் போனால் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. வேல்விழியின் அம்மா சொக்கம்மாள் வெளியிலிருந்து, "உள்ள இருக்கும்போது எதையாவது பாடிக்கிட்டே இருங்க மதினி. சத்தம் கேட்டா யாரும் வர மாட்டாவ" என்றார். பள்ளிக்கூடத்தைவிட்ட பிறகு பாடியதே இல்லை நான். பயத்தில் வாய்க்கு வந்ததை முனகினேன்.

வேல்விழி அடுப்படிக்கு முன்னால் உட்கார்ந்து அண்ணன் பெண்டாட்டிகளான இரண்டு மதினிமாரோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இங்கே நாலு மாசத்தில் நான் கேட்காத சிரிப்பை அங்கே பத்து நிமிஷத்தில் கேட்டேன். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. அது எனக்கு வலித்தது.

"உங்கிட்ட கொஞ்சம் தனியா பேசணும் தாயி" என்றேன்.

"தனியாவா?" என்று பெரிய மதினி கேட்டாள். அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை போலிருக்கிறது. தனியாகப் பேச இடம் எங்கே இருக்கிறது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நானே தரையில் உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும்தான் பேச வேண்டும் என்றால் பேசிவிடுவோம்.

"என்ன குறை உனக்கு? சொல்லிரு. நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணுமே செய்யல அத்த."

"ஒண்ணும் செய்யாமலா நீ இங்கன இருக்க?"

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "அத்த, நான் ஒண்ணு கேக்குதேன். கோவிச்சுக்கக் கூடாது. நீங்க என் வீட்டுக்கு எத்தன தடவ வந்திருக்கிய?"

நான் யோசித்தேன். பெயிண்ட் அடிக்கும்போது போனேன். தாழ்ப்பாள் போடும்போது போனேன். அவள் வந்த பிறகு?

"நான் எதுக்கு வரணும்? அது உன் வீடுல்லா?"

"அதத்தான் சொல்லுதேன். அது என் வீடு. மத்ததெல்லாம் உங்க வீடு. வந்த அன்னைக்கே சாவியக் கையில தந்து, யாரும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டோம்னு சொன்னிய. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. சாப்பாட்டுக்கு ஒரு ஆள் வந்து கூப்பிடாது, போன் அடிக்கும். நான் வருவேன், திம்பேன், போவேன். அந்தக் கதவுக்குப் பின்னால ஒரு தகர போர்டு இருக்கு, பாத்திருக்கியளா? ரூமைக் காலி செய்யும் நேரம் காலை ஒன்பது மணின்னு. தெனமும் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அதப் பாத்துட்டுத்தான் போவேன்."

அந்த போர்டை நான் மறந்தே போயிருந்தேன். நாலு வீட்டிலும் அவர் மாட்டியது. மற்ற மூன்றிலும் அதன் மேல் நாங்கள் துணியைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டோம்.

"காய்ச்சல் வந்துச்சுல்லா அத்த" என்றாள். இப்போது குரல் தாழ்ந்துவிட்டது. "பெல் அடிச்சுது. எந்திரிச்சு, சுவரப் பிடிச்சுக்கிட்டு வந்து கதவத் தொறக்கேன். தூக்குச்சட்டிதான் இருக்கு. ஆளக் காணும். பாறைக்கு அந்தப் பக்கம் உங்க சேலை மட்டும் தெரிஞ்சுது. கொரோனா வார்டு மாதிரி. கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நெத்தியத் தொட்டுப் பாக்க ஒரு கை வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான் அத்த. என்னய உங்களுக்குப் பிடிக்கல போலன்னு நினைச்சேன்."

அந்த வீட்டில் அமைதி என்ற ஒன்று இருக்க முடியும் என்று அப்போது தெரிந்தது. பிள்ளைகூடக் கண்ணாடியைக் கடிப்பதை நிறுத்திவிட்டது. சொக்கம்மாள் மகளைப் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் கீரைக்காம்பை எண்ணுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் சுபாவம் அப்படி.

"ஏட்டி, பிடிக்காமலா நான் உனக்கு ரெண்டு தாழ்ப்பாள் போட்டுத் தந்தேன்? உனக்கு என்ன தெரியும்? மூணு வருஷம் நான் அரிசி மூட்டையோட குடும்பம் நடத்துனவ!" என்று ஆரம்பித்து, சாமான் அறை, உழக்குச் சத்தம், சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. நடுவில் கோமதிசங்கர் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினிமார் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். இந்த ஹாலில் படுத்து எழுகிற அவர்களுக்கு அதில் சில விஷயங்கள் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சின்னவள் தலையைக்கூட ஆட்டினாள்.

வேல்விழி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கா நீங்க வரல?"

"பின்ன எதுக்கு?"

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா அத்த?"

"ஒரு வார்த்த நீயும் சொல்லியிருக்கலாம்லா?"

மத்தியானம் முருங்கைக்கீரைக் குழம்போடு சாப்பாடு போட்டார்கள். பத்துக் கை என் இலைக்கு நீண்டது. கிளம்பும்போது, "வாரியா?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன் அத்த" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆழ்வார்குறிச்சிப் பக்கம் போகிற ஆட்களையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். இல்லை, பார்க்கவில்லை; பார்த்திருந்தால் ஆழ்வார்குறிச்சி எங்கள் ஊருக்கு எதிர்த்திசை என்று தெரிந்திருக்கும். நான் ஏறியதே தப்பான பஸ். அம்பாசமுத்திரம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். கண்டக்டர் சொல்லி, இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, தென்காசி பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் அவரிடம் நாலு வீட்டு போர்டையும் கழற்றச் சொன்னேன்.

"அது பாட்டுக்கு இருக்கு. உன்ன என்ன செய்யுது?" என்றார்.

"மருமகள வீட்டவிட்டு அனுப்புது" என்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அது வழக்கம்போல வேறு வீட்டில் இருந்தது. நாலாம் நம்பர் போர்டில் கடைசித் திருகாணி துருப்பிடித்து வரவே இல்லை. தகரத்தை மட்டும் வளைத்து எடுத்துவிட்டு, ஆணியைச் சுவரிலேயே விட்டுவிட்டார்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். குழலி, "எம்மா, குளிக்கப் போகும்போதாவது அத வச்சிட்டுப் போ" என்றாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளி வேன் எங்கள் திருப்பத்தில் நின்றது. வேல்விழி இறங்கினாள், ஒரு பையோடு. நான் இரண்டாம் நம்பர் வாசலில் கரண்டியோடு நின்றேன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டேன். "வந்துட்டேன் அத்த" என்று சொல்லிவிட்டு நாலாம் நம்பருக்குப் போனாள்.

இப்போது எனக்கு வந்தது புதுத் தொல்லை. நான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அதைத்தானே அந்தப் பெண் கேட்டாள். நினைத்தால் சுலபமாகத்தான் இருந்தது, கால்தான் வரவில்லை. புதன் ராத்திரி பாறை வரைக்கும் போனேன். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. மகனோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள் என்று திரும்பிவிட்டேன். வியாழன் காலையில் போனேன். குளித்துக்கொண்டிருப்பாள் என்று திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணத்தில் சுண்டலோடு அவள் வாசல் வரைக்கும் போய், பெல்லை அடித்து, அவள் கதவைத் திறந்ததும் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "அடுப்புல பால் இருக்கு" என்று ஓடி வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அந்தக் கதவு அசைந்தால் எனக்குள்ளே எழுந்து நிற்பவள் அந்தச் சாமான் அறைக்காரிதான். நான் உள்ளே போனால் இவளும் அப்படி எழுந்து நிற்பாளே என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றியது. அவள் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நோட்டில் தப்பான கணக்கைப் பார்க்கிற டீச்சர் பார்வை அது.

சனிக்கிழமை பள்ளி லீவு. காலையிலிருந்தே சாரல். பத்து மணிக்கு இரண்டாம் நம்பரில் உலை வைத்துவிட்டு, அரிசி எடுக்க மூலைக்குப் போனேன். மூட்டையைக் காணோம்.

அச்சன்புதூரிலிருந்து வந்த புது அரிசி, இருபத்தைந்து கிலோ. எலி தூக்கிக்கொண்டு போகிற சாமான் இல்லை. இன்டர்காமில் மூன்றை அழுத்தினேன். குழலி, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். ஒன்றை அழுத்தினேன். அவர், "என்னயக் கேட்டா? எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு" என்றார். யார் மூட்டையைத் தூக்கியது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நாலை அழுத்தினேன்.

"அரிசி இங்கன இருக்கு அத்த" என்றாள் வேல்விழி. "இனிமே இங்கனதான் இருக்கும். வேணும்னா வந்து எடுத்துக்கோங்க."

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? ஒரு உழக்கு அளந்து கொண்டாயேன்."

"மழை பெய்யுது. எங்கிட்ட குடை இல்ல" என்று வைத்துவிட்டாள்.

குடை ஏழும் என் பக்கத்தில்தான் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, மறு கையில் பாத்திரத்தோடு பாறையைச் சுற்றிப் போனேன். வராந்தாவில் ஏறிக் குடையை மடக்கியதும் கை தானாகப் பெல்லுக்குப் போய்விட்டது. அடித்துவிட்டேன்.

"பெல் அடிச்சா அரிசி கிடையாது!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

கதவைத் தள்ளினேன். இரண்டு தாழ்ப்பாளில் ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. மூட்டை கட்டில் காலோரம், நான் மூன்று வருஷம் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அதே இடத்தில், உழக்கைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேல்விழி கட்டிலில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, நைட்டியில், ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தாள். கலைந்த படுக்கை, நாற்காலியில் துணிக்குவியல், தரையில் திருத்த வேண்டிய பேப்பர்கள். எதையும் எனக்காக ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. நான் அதற்குத்தான் பயந்தேன். அவள் எழுந்திருக்காமல், படுத்தபடியே சுவர்ப்பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

நான் முதலில் மூட்டைப் பக்கம்தான் குனிந்தேன். முகத்தை அவளுக்குக் காட்ட முடியவில்லை. ஒரு உழக்கு, இரண்டு உழக்கு. மூன்றாவது கை தவறிக் கொஞ்சம் சிந்தியது.

"கீழ போடாதிய அத்த, எறும்பு வரும்" என்றாள்.

"உன் வீட்டுல எறும்பு வந்தா எனக்கென்ன?" என்றேன்.

"நாள் தவறாம வரணும்லா நீங்க. எறும்பையும் நீங்கதான் பாக்கணும்."

இன்டர்காம் அடித்தது. வேல்விழி படுத்தபடியே எடுத்தாள். அவருடைய சத்தம் எனக்கே கேட்டது. ரெண்டாம் நம்பரில் யாரும் எடுக்க மாட்டேங்கிறார்களாம், டீ வேண்டுமாம். "அத்த எங்கூட இருக்காவ மாமா. இப்ப வர மாட்டாவ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் ஈரக்குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் போர்டு இருந்த இடத்தில் அந்தத் துருப்பிடித்த ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மாட்டிவிட்டு, பாத்திரத்தைத் தரையில் வைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெளியே பலா இலையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் நெற்றியைத் தொட்டேன்.

"சூடே இல்லையே" என்றேன்.

"காய்ச்சல் இல்ல அத்த."

"அப்ப கைய எடுத்துரவா?"

"வேண்டாம்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

உலை கொதித்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு நினைவிருந்தது. இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.